ஐப்பசி மழையும் அடுப்படித் திட்டமும்

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் மாதம் என்று புரட்டாசியை நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தக் காய்ச்சலையும் அதன்பின் வரும் பெய்தலையும் கணக்கிட்டே நம் பாட்டிமார் அடுப்படியை நடத்தி வந்தார்கள். மாடியில் மிளகாய் காயும்; முற்றத்தில் மல்லி காயும்; ஓலைப் பாயில் இடித்த மாவு ஆறும். ஐப்பசி பிறந்து முதல் மழை தட்டும்போது, காய வேண்டியவை அனைத்தும் காய்ந்து டப்பாக்களில் அடங்கியிருக்கும்.

குளிர் நாடுகளில் இது இலையுதிர் காலம். அறுவடையான கோதுமையும் பழங்களும் வீடு வந்து சேர, அங்குள்ள இல்லத்தரசிகள் ரொட்டியும் கேக்கும் சுடத் திட்டமிடும் பருவம். நமக்கோ இது இலை துளிர்க்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்ப் பருவம் என்று வகுத்தது தமிழ். ஆயினும் ஈரமும் குளிரும் கூடிய நாட்களில் சூடாக ஏதேனும் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்னும் தாயுள்ளம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்த ஆசையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழியைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு இப்பருவம் தனிச் சிறப்புடையது. ஆனியிலும் ஆடியிலும் மலையடிவாரத்துத் தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனையும்போது, நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. நம் கரிசல் காடும் குளங்களும் காத்திருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்காகத்தான். தமிழ்நாடு முழுமைக்கும் இம்மழையின் சராசரி அளவு சுமார் 44 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதும் வெயிலுக்கே பழகிய நம் சமையலறைகள், இந்த மூன்று மாதங்களில்தான் ஈரத்தைச் சந்திக்கின்றன. பூசணம், வண்டு, நமுத்துப்போதல் ஆகிய மூன்று பகைவர்களும் ஒருசேர வருவது அப்போதுதான்.

இரண்டு நாட்காட்டிகள்

முஸ்லிம் இல்லங்களில் சுவரில் தொங்குவது ஒரு நாட்காட்டியாயினும், நடைமுறையில் இருப்பவை இரண்டு. ஒன்று மழையின் கணக்கு. மற்றொன்று பிறையின் கணக்கு. பிறை ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவானது. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2004 ஆம் ஆண்டு நோன்பு ஐப்பசி மாதம் ஏறத்தாழ முழுவதையும் தழுவியிருந்தது. அடைமழையில் பள்ளிவாசலுக்குக் கஞ்சிப் பாத்திரத்துடன் நடந்த பிள்ளைகள் இன்று தாயும் தந்தையுமாக இருக்கிறார்கள். மீண்டும் 2036 ஆம் ஆண்டு வாக்கில்தான் நோன்பு ஐப்பசிக்குத் திரும்பும்.

2027 ஆம் ஆண்டு ரமலான், பிறையைப் பொறுத்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அமையும். ஆகவே இன்றைய நிலையில் மழைக்காலம் நமக்குப் பெருநாட்கள் இல்லாத காலம். ஆனால் நோன்புக்கு முந்திய காலம். புரட்டாசி வெயிலில் ஒருமுறையும், மழை ஓய்ந்த தை வெயிலில் மறுமுறையும் மாவும் மசாலாவும் தயாரித்துக்கொண்டால், ரமலானில் அடுப்படியில் செலவாகும் நேரம் குர்ஆன் ஓதுவதற்கு மிஞ்சும். திட்டமிடுதலின் பயன் இதைவிட வேறென்ன வேண்டும்?

திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோர் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழாண்டு விளைச்சலையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் கனவின் வழி அறிந்த அவர்கள், அறுத்த தானியத்தில் உண்பதற்கு வேண்டிய அளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்கும்படி அறிவுறுத்தியதைத் திருமறை கூறுகிறது. எவ்வளவு சேமிப்பது என்பதுடன், எப்படிச் சேமித்தால் கெடாது என்பதையும் அந்த நபியின் அறிவுரை உள்ளடக்கியிருக்கிறது. நம் திட்டத்துக்கும் அதுவே அடிப்படை.

புரட்டாசி: வெயிலின் வேலை

வாரத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் களைப்புத் தோன்றாது.

முதல் வாரம் மிளகாய், மல்லி, மஞ்சள். மிளகாயைக் கையில் அள்ளிக் குலுக்கினால் விதை கலகலவென ஒலிக்க வேண்டும். காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். அதுவரை அரைக்கக் கொடுக்கலாகாது. அரைத்த பொடி சூடாக வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். தாளில் பரப்பி ஆறவைத்த பின்னரே அடைக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் அரிசி மாவும் ரவையும். இடியப்பத்துக்கும் பத்திரிக்கும் வேண்டிய மாவை இடித்து வறுத்துச் சலித்து வைக்கலாம். ரவையை எண்ணெயின்றி மணம் வரும்வரை வறுத்து ஆறவைத்தால் வண்டு எளிதில் அண்டாது.

மூன்றாம் வாரம் நிலக்கடலை, பருப்பு வகைகள். இதில் மிகுந்த கவனம் தேவை. ஈரம் பட்ட நிலக்கடலை, மிளகாய், மக்காச்சோளம், அரிசி போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. சாதாரணச் சமையல் சூட்டில் அழிவதில்லை. ஆகவே பூசணம் பிடித்த கடலையைக் கழுவி வறுத்துப் பயன்படுத்துவது சிக்கனமாகாது. சுருங்கியதையும், நிறம் மாறியதையும், கசப்பதையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அவற்றைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போடுவதும் தவறு.

நான்காம் வாரம் எலுமிச்சை. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி நமக்குப் பக்கத்து ஊர். கோடையில் கைக்கெட்டாத விலைக்கு ஏறும் பழம், மழைக்காலத்தில் தேவை குறைவதால் இறங்கிவரும். ஒரு கிலோ பழத்தைக் கழுவி, ஈரமின்றித் துடைத்து, நறுக்கி, 200 முதல் 250 கிராம் கல்லுப்புச் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் அல்லது கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். நாள்தோறும் ஒருமுறை குலுக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் வெளியே வைக்கலாம். அடிக்காத நாளில் உப்பே காத்துக்கொள்ளும். மூன்று, நான்கு வாரங்களில் தோல் மென்மையாகும். அப்போது மிளகாய்ப் பொடியும், வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஊற்றினால் கார்த்திகை மழைக்கு ஊறுகாய் தயார். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே செல்லக்கூடாது.

கருப்பட்டி இப்பருவத்தில் கசிந்து இளகும். முன்பு அதை அடுப்புக்கு மேல் பரணில், புகை படும் இடத்தில் வைத்தார்கள். புகையில்லா அடுப்புகள் வந்துவிட்ட இக்காலத்தில், தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே வழி.

ஐப்பசி: தணலின் வேலை

அடுமனை வேலை என்றால் மின்சார அடுப்பு வேண்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் முன்னோர் வீடுகளில் அந்த அடுப்பு இல்லை. ஆனால் அடுமனைக் கலை இருந்தது. பாத்திரத்தின் கீழே குறைவாகவும் மூடியின் மேலே மிகுதியாகவும் தணல் இட்டு, இரு பக்கச் சூட்டில் வேகவைப்பதே ‘தம்’. பிரியாணிக்குப் பெயர் பெற்ற நம் ஊருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அதே முறையில் பிறந்ததுதான் தம்மடை. தம்ரூட் என்றும் சொல்வார்கள். ஊருக்கேற்பப் பெயரும் பக்குவமும் சிறிது மாறும்.

ரவை, சீனி வகைக்கு 250 கிராம், நெய் 150 கிராம், காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர், முட்டை ஐந்து, ஏலக்காய், முந்திரி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யில் ரவையை மிதமான தீயில் வறுத்து ஆறவைத்துப் பாலில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து அதனுடன் கலந்து, நெய் தடவிய கனமான பாத்திரத்தில் ஊற்றி, மேலே முந்திரி தூவி வேகவையுங்கள். மின்சார அடுப்பாயின் 170 டிகிரிச் சூட்டில் 50 முதல் 60 நிமிடங்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

மின்சார அடுப்பு இல்லாதவர்கள், சமையலுக்குப் பயன்படாத பழைய கனமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, அதனுள் ஒரு வளையத்தின்மேல் தம்மடைப் பாத்திரத்தை வைத்து மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் விடலாம். மேற்புறம் சிவக்காது, ஆனால் நன்றாக வெந்துவிடும். இதே ஏற்பாட்டில் நெய் பிஸ்கட்டும் சுடலாம். மைதா 200 கிராம், பொடித்த சீனி 100 கிராம், நெய் 100 கிராம், ஏலப்பொடி, உப்பு சேர்த்துப் பிசைந்து, சிறு வில்லைகளாக்கித் தட்டில் இடைவெளிவிட்டு வைத்தால் 20 நிமிடங்களில் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகும். சூடாக இருக்கையில் மெத்தென்றிருக்கும்; ஆறியபின் இறுகும். அவசரப்பட்டு எடுத்து உடைத்துவிட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. முன்பு தம் போட்டது முற்றத்திலும் கொல்லைப்புறத்திலும். இன்று முற்றமில்லாத வீடுகளில், மழைக்குக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, அறைக்குள் கரித்தணல் வைக்கிறோம். புகை இல்லையே என்று நிம்மதி கொள்கிறோம். கனன்று கிடக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றும். உறங்கிவிட்டவர் எழுந்திராமலே போகக்கூடும். குளிருக்காகத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துறங்கி உயிரிழந்த குடும்பங்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கரித்தணலைக் கூரையுள்ள திறந்த திண்ணையிலோ வெளியிலோ மட்டுமே வையுங்கள். பேறுகாலப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி போடும்போதும் இதே கவனம் வேண்டும். எரிவாயு அடுப்பாயினும் ஒரு சன்னலேனும் திறந்திருக்க வேண்டும். சாரல் அடித்துத் தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

நிற்பதும் கெடுவதும்

நம் பலகாரங்களை நிற்பவை, நில்லாதவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது திட்டத்தின் உயிர்நாடி. வட்டிலப்பம், தேங்காய்ப் பால் சேர்ந்த பாயசம், தக்கடி முதலியவை நில்லாதவை; அன்றைக்கே உண்டு முடிக்க வேண்டும். தம்மடையும் ஓரிரு நாட்களுக்குள் தீர வேண்டியது. மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டி திறக்கப்படாத நிலையில் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர்ச்சியைக் காக்கும் என்பதை நினைவில் வைத்து, மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் இவற்றைச் செய்யாதிருப்பது நல்லது.

நெய் பிஸ்கட், கலகலா, வறுத்த அரிசி மாவு, ஈரம் முற்றிலும் போகும்வரை வறுத்த ஓட்டு மாவு ஆகியவை நிற்பவை. கார்த்திகை மாத வேலை இவைதான். இவை வெறும் தின்பண்டங்களாக மட்டும் நமக்குத் தோன்றிய காலம் 2023 ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைத் தாக்கிய மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தமிழ்நாடு மூன்று மாதங்களில் பெறும் சராசரியைப்போல் இருமடங்குக்கு மேல் ஒரே நாளில்! தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகளும் தண்டவாளங்களும் அறுந்தன, பல ஊர்களில் மின்சாரமும் பாலும் குடிநீரும் நின்றன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. வெளியிலிருந்து உதவி எட்டுமுன் அவர்களுக்குச் சோறு கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராம மக்கள். தாங்களே வெள்ளத்தின் நடுவில் இருந்தும், கையிலிருந்ததைச் சமைத்து முகமறியாத பயணிகளுக்கு ஊட்டினார்கள். அன்று அப்பயணிகளின் உயிரைத் தாங்கியது எளிய வீடுகளில் சேமித்து வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான்.

இதை மனத்திற்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் ‘மூன்று நாள் பெட்டி’ ஒன்றை ஏற்படுத்தலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அவல் இரண்டு கிலோ, பொரிகடலை ஒரு கிலோ, பேரீச்சம்பழம் ஒரு கிலோ, சீனி அல்லது கருப்பட்டி, பால் பொடி, தேயிலை, உப்பு, ஊறுகாய், நாம் சுட்ட நெய் பிஸ்கட், 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஆகியவற்றை வைக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. தீப்பெட்டி, மெழுகுவத்தி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முதியோரின் மாத்திரைகள் ஆகியவையும் உடன் இருக்கட்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டால், ஐவருக்கு மூன்று நாட்களுக்கு 60 லிட்டர் நீர் வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். வெள்ள நீர் பட்ட உணவுப்பொருளை, அது மாவானாலும் பிஸ்கட்டானாலும், இழப்பென்று கருதாமல் அகற்றிவிடுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் உண்டு தீர்த்துவிடலாம். வீண்விரயம் இல்லை.

அண்டை வீட்டின் பங்கு

நிறைந்த டப்பாக்களைப் பார்த்து மகிழும் வேளையில் ஒரு கேள்வி எழ வேண்டும். அடைமழை பெய்யும் வாரத்தில் நம் தெருவில் எவர் வீட்டில் அடுப்பு எரியாது? மழை நமக்குப் பலகாரக் காலமாயிருக்கலாம். நாட்கூலிக்கு வயலுக்கும் கட்டட வேலைக்கும் செல்வோருக்கு அது வேலையில்லாக் காலம். தெருவில் பாவு நீட்டிக் காயவைக்க இயலாமல் கைத்தறி நெசவாளர் கைகட்டி நிற்கும் காலம். மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கும் அன்றாடம் சம்பாதிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கும். ஆனால் இருவரின் ஐப்பசியும் ஒன்றன்று.

குழம்பு சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி வைத்து அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அந்த அறிவுரையின் அழகைக் கவனியுங்கள். தனியாக விருந்து சமைக்கச் சொல்லவில்லை. நம் அடுப்பில் கொதிப்பதையே சற்றுப் பெருக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. ஆகவே திட்டம் எழுதும்போதே அவர்கள் பங்கையும் எழுதிவிடுவோம். இருபது பிஸ்கட் என்றால் இருபத்தைந்து. ஒரு ஜாடி ஊறுகாய் என்றால் கூடவே ஒரு சிறு புட்டி. மிஞ்சியதைக் கொடுப்பது வேறு; அவர்களுக்கென்றே செய்து கொடுப்பது வேறு. வாங்குபவர் உள்ளம் அந்த வேறுபாட்டை உடனே அறிந்துகொள்ளும்.

இன்னுமொன்று. இத்தனை வேலைகளும் ஒரு பெண்ணின் முதுகில் ஏறிவிடலாகாது. வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் பணிகளில் துணைநிற்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மிளகாயை மாடிக்குத் தூக்கிச் செல்வதும், மாவு அரைத்து வருவதும், ஜாடியைக் குலுக்குவதும் ஆண்மக்களுக்குக் கடினமான பணிகளல்லவே. பிஸ்கட் வில்லைகளைத் தட்டில் அடுக்கப் பிள்ளைகளை அழைத்துப் பாருங்கள். வேலை சிரிப்புடன் நடக்கும். பச்சை மாவு அவர்கள் வாய்க்குள் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்தில் மாதமும் வாரமும். எதிர்ப்பக்கத்தில் செய்தது, செலவானது, கெட்டுப்போனது, கொடுத்தது என்னும் நான்கு கணக்குகள். முதல் ஆண்டில் கெட்டுப்போனதன் பட்டியல் நீளமாக இருக்கும். அடுத்த ஆண்டு அது சுருங்கும். கொடுத்ததன் பட்டியல் நீளுமாயின், அந்த வீட்டின் அடுப்படியில் பரக்கத் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

வல்ல இறைவன் இவ்வாண்டு மழையைப் பயனுள்ள மழையாக்கித் தருவானாக. நம் அடுப்புகளோடு அண்டை வீட்டு அடுப்புகளையும் எரியச் செய்வானாக. ஆமீன்.